அபாய மணியும் அலங்கு மாராத்தாளும்

ஒரு காட்டில் சிங்கம் இல்லை. காட்டுக் கதை என்றால் சிங்கம் இருந்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் மன்னிக்க வேண்டும். நம் பக்கத்து மலைகளில் புலி உண்டு, யானை உண்டு. சிங்கம் மட்டும் கதை சொல்கிறவர்கள் வாயில்தான் உண்டு. ஆகவே இந்தக் காட்டில் ராஜா கிடையாது. ராஜாவுக்குப் பதிலாக ஒரு குழு இருந்தது. மரத்தடியில் கூடிப் பேசுகிற குழு இல்லை, போனில் இருக்கிற குழு. 'நம்ம காடு நம்ம உசுரு' என்று அதற்குப் பெயர். உறுப்பினர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. விலங்குகளுக்குப் போன் எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். அவை பேசுவதை நம்பி உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு இதை நம்புவதில் என்ன சிரமம்?

அந்தக் காட்டின் மேட்டுச் சரிவில் மாராத்தாள் என்ற அலங்கு வளை தோண்டிக் குடியிருந்தாள். அலங்கைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். உடம்பெல்லாம் ஓடு வேய்ந்த மாதிரி செதில், நீண்ட நாக்கு, சரியாகப் பார்வை இல்லாத சின்னக் கண்கள். எறும்பும் கறையானும் சாப்பாடு. யார் வம்புக்கும் போகாத பிராணி. பயம் வந்தால் கடிக்காது, கத்தாது, ஓடாது. அப்படியே சுருண்டு பந்தாகிவிடும். அது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. நமக்குத் தும்மல் வருவது போல அதற்குச் சுருளல் வரும். மாராத்தாளுக்கு ஒரு குட்டி இருந்தது. பொடிசு என்று கூப்பிடுவாள். அது எந்நேரமும் அம்மாவின் வால்மேல் தொற்றிக்கொண்டு திரியும். மாராத்தாள் சுருளும்போது பொடிசையும் வயிற்றோடு அணைத்து உள்ளே வைத்துத்தான் சுருளுவாள்.

குழு ஆரம்பித்ததற்கே காரணம் மாராத்தாள்தான். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பங்குனி மாதத்து மதியம் மூங்கில் காடு பற்றிக்கொண்டது. அப்போதெல்லாம் ஆபத்தைச் சொல்கிற வேலை ஆட்காட்டிக் குருவி தெய்வானையுடையது. வேட்டைக்கு ஆள் வந்தாலும் தீ வந்தாலும் அவள் தலைக்கு மேலே பறந்து பறந்து கத்துவாள். அந்தச் சத்தம் கேட்டால் காடே மேய்ச்சலை விட்டுவிட்டுத் தலை தூக்கும். அன்றைக்கும் கத்தினாள். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் சத்தம் மேட்டுச் சரிவுக்கு எட்டவில்லை. கறையான் தேடிப் போயிருந்த மாராத்தாள் திரும்பி வந்தபோது வளையின் வாய் கரிந்து கிடந்தது. உள்ளே அவளுடைய முதல் குட்டி இருந்தது. அதைப் பற்றி அவள் அதற்குமேல் யாரிடமும் பேசியதில்லை. நானும் பேசவில்லை.

தீ அடங்கிய பிறகு கூட்டம் போட்டார்கள். "காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் கேக்கறாப்ல ஒண்ணு வேணுமுங்க" என்று முதலில் எழுந்து கேட்டவள் மாராத்தாள்.

கூட்டத்துக்குத் தலைமை காட்டெருமை சென்னியப்பன். நியாயத்தை யார் சொன்னாலும் "சரிங்க" என்பார். அநியாயத்தை யார் சொன்னாலும் அதற்கும் "சரிங்க" என்பார். அதனால் அவரைத் தலைவராக்குவதில் எவருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை. குழு உண்டாயிற்று. குழுவில் 'அபாய மணி' என்று ஒரு சிவப்புப் பொத்தான் வைத்தார்கள். அதை அமுக்கினால் இருநூற்றுப் பன்னிரண்டு போனும் ஒரே நேரத்தில் அலறும். போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தாலும் அலறும். தீ, வெள்ளம், துப்பாக்கி, இந்த மூன்றுக்கு மட்டும்தான் அமுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. சிறுத்தையையும் சேர்க்கலாம் என்று ஒரு புள்ளிமான் சொன்னது. சிறுத்தையும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்ததால் பேச்சு வேறு விஷயத்துக்குப் போய்விட்டது.

தெய்வானைக்குப் பொன்னாடை போர்த்தி ஓய்வு கொடுத்தார்கள். கூடவே ஒரு வாழ்த்து மடலும் கொடுத்தார்கள். 'இனிமேல் கத்தி யாருக்கும் இடைஞ்சல் செய்ய வேண்டாம்' என்று அதன் கடைசி வரியில் இருந்தது.

மணி முதலில் ஒலித்தது தீக்கு இல்லை. ஒரு நாள் காலை ஏழு மணிக்குக் காடு முழுக்க அலறியது. மாராத்தாள் அப்போது வளை வாசலில் பொடிசுக்கு எறும்பு தின்னப் பழக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டதும் சுருண்டாள். வீடு சரிவில் அல்லவா? சுருண்டவள் உருண்டாள். கல்லில் முட்டி, வேரில் துள்ளி, உண்ணிச்செடிப் புதருக்குள் புகுந்து வெளியே வந்து, கீழே ஓடைத் தண்ணீரில் போய் விழுந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நடுங்கிக்கொண்டே விரிந்து, குட்டி முழுசாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள். மயில் அழகேசன் ரோஜாப்பூப் படம் போட்டிருந்தான். பூவுக்குக் கீழே 'இனிய காலை வணக்கம்' என்று இருந்தது.

தலைவர் கண்டித்தார். "அழகேசா, மணி அதுக்கு இல்லீங்க."

"ஏனுங்க தலைவரே, கெட்ட சேதிக்கு மணி அடிக்கலாம், நல்ல சேதிக்கு அடிக்கக் கூடாதுங்களா? இது என்னங்க நியாயம்?"

"அதுவும் சரிங்க" என்றார் தலைவர்.

இதோடு போயிருந்தால் மாராத்தாளுக்கு நாலு சிராய்ப்போடு முடிந்திருக்கும். ஆனால் நாவல் மரத்தின்மேல் குரங்கு குட்டியப்பன் உட்கார்ந்திருந்தான். குட்டியப்பன் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். கெட்டவனாக இருக்கக் கொஞ்சமாவது உழைப்பு வேண்டும், அவனுக்கு அந்தப் பழக்கமும் கிடையாது. கையில் இருந்த போனில் மாராத்தாள் உருண்டதை மேலிருந்து கீழ்வரை படம் பிடித்திருந்தான், அவ்வளவுதான். அதற்குத் தவில் சத்தம் சேர்த்துக் குழுவில் போட்டான். மத்தியானத்துக்குள் நூற்றுத் தொண்ணூறு பேர் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகத்தைப் போட்டார்கள். மாலைக்குள் சுருண்ட மாராத்தாள் ஸ்டிக்கராகிவிட்டாள். யாராவது 'எங்கே இருக்கிறீர்கள்' என்று கேட்டால் பந்து. 'சாப்பிட்டாயா' என்று கேட்டால் பந்து. யாரோ ஒருவருடைய மாமியார் செத்துப்போன செய்திக்குக் கீழேகூட ஒரு முயல் கைதவறிப் பந்தைப் போட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மறுபடி மணி அடித்தது. இந்த முறை பூவும் இல்லை, வணக்கமும் இல்லை. மரத்தில் பதினைந்து பேர் போனும் கையுமாக இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு வாரத்தில் அது வழக்கமாகிவிட்டது. காலை ஏழு மணிக்கு 'பந்து வேளை' என்று பெயர். மாராத்தாளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பந்தக்கா என்றார்கள். அவள் ஒருநாள் குட்டியப்பனை மரத்தடியில் நிறுத்திக் கேட்டாள்.

"ஏந்தம்பி, உனக்கு நான் என்ன பண்ணுனேன்?"

"ஐயோ அக்கா, சும்மா ஜாலிக்குத்தானுங்க. உங்களை எல்லாத்துக்கும் புடிச்சுப் போச்சு, அதான். முன்னெல்லாம் இந்தக் காட்டுல உங்களை யாருக்குங்க தெரியும்?"

"எனக்கு அந்த மணி கேட்டா உசுரு போயிட்டு வருது, தம்பி."

"அப்ப உருளாம இருங்கக்கா. உங்களை யாரு உருளச் சொன்னா?"

அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியது தான் இல்லை என்று தெரிந்தபோதும் வெட்கமாகத்தான் இருந்தது. குழுவைவிட்டுப் போய்விடலாமா என்று யோசித்தாள். விரல் அந்தப் பொத்தான்வரை போகும். அப்போது கரிந்துபோன வளை வாய் ஞாபகம் வரும். நாளைக்கு நிஜமாகவே தீ வந்தால்? குழுவில் இல்லாதவளுக்கு யார் சொல்லுவார்கள்? விரலை எடுத்துக்கொள்வாள். பொடிசைக் காப்பாற்ற அந்த மணி வேண்டும், அதே மணிதான் தினமும் பொடிசைப் பள்ளத்தில் உருட்டுகிறது. இப்படி ஒரு சிக்கலில் அவள் மாட்டிக்கொண்டிருந்தாள்.

பத்தாவது நாள் பொடிசின் முதுகில் ஒரு செதில் பிய்ந்து ரத்தம் வந்தது. அன்றைக்கு மாராத்தாள் புகார் கொடுக்கக் கிளம்பினாள்.

புகார் வாங்குகிற இடம் ஓடைக்கரைப் பாறை. அங்கே மலை அணில் ஒன்று படிவம் கொடுத்துக்கொண்டிருந்தது. வரிசையில் முன்னால் பதினெட்டுப் பேர். காட்டுப்பன்றியின் போட்டோவைக் கேட்காமல் சுருக்கிப் போட்டதற்கு ஒரு புகார், 'நல்லது' என்று சொன்னதற்கு யாரும் கட்டை விரல் காட்டவில்லை என்று ஒரு புகார். வெயில் ஏற ஏற பொடிசு வாலில் சிணுங்கியது. கடைசியில் மாராத்தாள் முறை வந்தது. படிவத்தில் மொத்தம் இருபத்தோரு கேள்விகள். ஒன்பதாவது கேள்வி: 'கேலி செய்யப்பட்டபோது நீங்களும் சிரித்தீர்களா? இல்லையெனில் காரணம்.' பதினான்காவது கேள்வி: 'உருளாமலிருக்கத் தாங்கள் எடுத்த முயற்சிகள் யாவை?'

"இதுல ரெண்டு சாட்சி கையெழுத்து வேணுமுங்க" என்றது அணில்.

"காடே பாத்துச்சுங்களே."

"பாத்தவங்க எல்லாஞ் சிரிச்சவங்க. சிரிச்சவங்க எல்லாம் எதிர்த்தரப்பு. எதிர்த்தரப்பு சாட்சி சொல்ல முடியாதுங்க."

"அப்பப் பாக்காதவங்ககிட்ட வாங்கியாரட்டுங்களா?"

"பாக்காதவங்க எப்புடிங்க சாட்சி சொல்லுவாங்க?" என்று அணில் உண்மையான அக்கறையோடு கேட்டது.

மாராத்தாள் நேரே தலைவரிடம் போனாள். பிய்ந்த செதிலைக் கையில் வைத்துக் காட்டினாள். சென்னியப்பன் பெருமூச்சு விட்டார். மனசு கேட்காத பெருமூச்சுதான், அதில் குறை சொல்ல முடியாது.

"சரிங்க அம்மிணி. இதைச் சும்மா உடக் கூடாது. ஒரு குழு போட்டர்லாம்."

'கேலித் தடுப்பு மற்றும் மணி முறைகேடு ஒழிப்பு ஆலோசனைக் குழு' போட்டார்கள். அதற்குத் தலைவராகக் குட்டியப்பனைப் போட்டார்கள். மாராத்தாள் திகைத்து நின்றதைப் பார்த்துச் சென்னியப்பன் சமாதானம் சொன்னார். "கேலியப் பத்தி நம்ம காட்டுல அவருக்குத் தெரிஞ்ச அளவு வேற யாருக்குங்க தெரியும்?"

விசாரணை நாள் வந்தது. மாராத்தாள் முந்தைய நாளெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்து வந்திருந்தாள். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். குட்டியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு விதியைப் படித்தான்: விசாரணை தொடங்குவதை ஒளிவுமறைவு இல்லாமல் எல்லா உறுப்பினருக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் மட்டும் போதாது, ஒருவர்கூடத் தவறவிடாதபடி தெரிவிக்க வேண்டும். ஆகவே மணியை அமுக்கினான்.

மாராத்தாள் உருண்டாள். பாறையிலிருந்து ஓடைக்கு அதிக தூரம் இல்லை. அவள் ஈரத்தோடு ஏறி வருவதற்குள் அறிக்கை எழுதி முடித்திருந்தார்கள். 'புகார்தாரர் விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை. கேள்வி கேட்கும் முன்பே சுருண்டுகொண்டார். எனினும் குழு அவர்மீது அனுதாபத்துடன் உள்ளது.'

அனுதாபத்தைக் காட்ட விழிப்புணர்வு வாரம் நடத்தினார்கள். மணியைத் தவறாக அடிக்காதீர்கள் என்று எல்லோருக்கும் உறைக்க வேண்டாமா? அதனால் காலையிலிருந்து சாயங்காலம்வரை மணிக்கு ஒருதரம் மணி அடித்து அதைச் சொன்னார்கள். 'அபாய மணி விளையாட்டுப் பொருள் அல்ல.' மணி. 'பிறர் மனம் புண்பட நடவாதீர்.' மணி. 'சற்று முன் வந்த செய்தியைப் படித்துவிட்டீர்களா?' மணி. முதல் நாள் மாராத்தாள் பதினோரு முறை ஓடைக்குப் போய் வந்தாள். நடந்து போனது ஒருமுறைகூட இல்லை. ஐந்தாவது நாள் அவள் மேட்டுக்கு ஏறவே இல்லை. எப்படியும் கீழேதானே வரப்போகிறோம் என்று ஓடைக்கரையிலேயே குட்டியோடு படுத்துக்கொண்டாள்.

மற்றவர்களுக்கும் காது வலித்தது. அவர்களுக்கு ஒரு வழி அகப்பட்டது. காட்டில் காய்ந்த சுரைக்குடுக்கைக்குப் பஞ்சமில்லை. போனை ஒரு குடுக்கைக்குள் போட்டு, வாயில் இலவம் பஞ்சை அடைத்துவிட்டால் எந்த மணியும் கொசு ரீங்காரம் மாதிரிதான் கேட்கும். இரண்டு நாளில் காட்டில் குடுக்கை இல்லாத வீடே இல்லை. படம் பார்க்க வேண்டுமானால் எடுப்பார்கள், பிறகு உள்ளே போட்டுவிடுவார்கள்.

"நெசமாவே ஏதாச்சும் ஆபத்துன்னா எப்புடித் தெரியும்?" என்று ஒரு முயல் கேட்டது.

"அதுக்குத்தான் பந்தக்கா இருக்காங்கல்ல. அவங்க உருண்டா மணி அடிச்சிருக்குன்னு அர்த்தம். அப்ப எடுத்துப் பாத்துக்கலாம்" என்றது ஒரு மான்.

எல்லோருக்கும் அது சரியாகப்பட்டது. அதுமுதல் குளிக்கப் போனாலும் மேயப் போனாலும் மேட்டுச் சரிவை ஒரு பார்வை பார்த்துக்கொள்வது காட்டில் பழக்கமாயிற்று.

வாரம் முடிந்ததும் ஆலோசனைக் குழு தீர்ப்புச் சொன்னது. ஆய்ந்து பார்த்ததில், நடந்த கேலிகள் நூற்று நாற்பத்து மூன்று. அத்தனையிலும் சம்பந்தப்பட்ட ஒரே ஆள் மாராத்தாள். கேலி செய்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அவள் மட்டும் மாறவில்லை. ஆகவே பிரச்சினையின் வேர் எங்கே என்பதில் சந்தேகம் இல்லை. அவளுடைய பாதுகாப்பைக் கருதி அவளைக் குழுவிலிருந்து நீக்குவதாக முடிவு செய்தார்கள். இந்த முடிவையும் மணி அடித்துத்தான் சொன்னார்கள். அவள் உருண்டு எழுந்து போனைப் பார்த்தபோது 'நீங்கள் இனி இந்தக் குழுவில் இல்லை' என்று இருந்தது.

அடுத்த நாள் ஏழு மணிக்கு அவள் போன் அலறவில்லை. பல நாளைக்குப் பிறகு பொடிசு மேட்டு வளை வாசலில் நிம்மதியாக எறும்பு தின்றது. ஆனால் மாராத்தாளுக்கு நிம்மதி இல்லை. மாசி முடிந்து பங்குனி வந்துகொண்டிருந்தது, மூங்கில் காய்ந்து சலசலத்தது. அவள் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்று மணலில் குடியிருந்த தெய்வானையைப் பார்க்கப் போனாள்.

தெய்வானை வெறும் தரையில் மூன்று முட்டைகளை அடைகாத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொன்னாடையை முட்டைகளுக்கு அடியில் விரித்திருந்தாள்.

"வா கண்ணு. உன்ற படம் பாத்தேன். நான் சிரிக்கல. எனக்குப் போன் இல்ல, யாரோ காட்டுனாங்க."

"தெய்வானக்கா, தீ வந்தா எனக்கு மட்டும் சொல்லுவீங்களா?"

"கத்தக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்களே."

"என்ற வளைக்கு மேல வந்து, எனக்குக் கேக்கறாப்ல கத்துனாப் போதுமுங்க. அன்னைக்குக் காத்து..." என்று ஆரம்பித்த மாராத்தாள் பொடிசை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

தெய்வானை முட்டைகளை அலகால் ஒருமுறை திருப்பி வைத்தாள். அன்றைக்குத் தன் சத்தம் எட்டாமல் போன சரிவு எது என்று அவளுக்கும் தெரியும்.

"வர்றேன்" என்றாள். "ஆனா ஒண்ணு. நான் காலை வணக்கமெல்லாம் சொல்ல மாட்டேன். நான் கத்துனா அது தீயாத்தான் இருக்கும்."

"அது போதுமுங்க."

அந்த மாதம் காடு அமைதியாக இருந்தது. கேலிப் புகார் ஒன்றுகூட இல்லை. புகார் கொடுக்க ஒருத்திதானே இருந்தாள்! 'கேலியற்ற காடு' என்று ஒரு சான்றிதழ் அச்சடித்து, அதை ஆலோசனைக் குழு ஆலோசனைக் குழுவுக்கே வழங்கிக்கொண்டது. குடுக்கைகளுக்குள் போன்கள் என்னவோ முனகிக்கொண்டிருந்தன. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. மேட்டுச் சரிவில் பந்து உருளவில்லை, ஆகவே காட்டில் ஆபத்து எதுவும் இல்லை. அவளைக் குழுவைவிட்டு நீக்கிவிட்டோம், இனி மணி அடித்தாலும் அவளுக்குக் கேட்காது என்பது இருநூற்றுப் பதினொரு பேரில் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை.

பங்குனி பதினெட்டாம் தேதி உச்சிவெயிலில் மூங்கிலும் மூங்கிலும் உரசிப் பொறி கிளம்பியது. சென்னியப்பன்தான் முதலில் புகையைப் பார்த்தார். அவரைக் குறை சொல்லக் கூடாது, உடனே மணியை அமுக்கினார். காடு முழுக்க இருநூறு குடுக்கைகளுக்குள் இருநூறு கொசுக்கள் ரீங்காரமிட்டன. மறுபடி அமுக்கினார். மான்கள் நிழலில் அசைபோட்டுக்கொண்டே சரிவை ஒருதரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டன.

அப்போது மேட்டுச் சரிவின்மேல் தெய்வானை வந்தாள். மூன்று வருடம் அடக்கி வைத்திருந்த தொண்டை. வளை வாயிலுக்கு ஓர் அடி உயரத்தில் சுற்றிச் சுற்றிப் பறந்து கத்தினாள். மாராத்தாள் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. வாலில் இருந்த பொடிசை இழுத்து வயிற்றோடு அணைத்தாள், சுருண்டாள், தானே முதுகை உந்திச் சரிவில் தன்னைத் தள்ளிவிட்டாள். வாழ்க்கையில் அவள் வேண்டுமென்றே உருண்டது அந்த ஒரு தடவைதான்.

நாவல் மரத்தில் குட்டியப்பன் எழுந்து நின்றான். "டேய், உருளுது! பந்தக்கா உருளுது!"

ஒரு மாதமாகச் சிரிக்க ஒன்றும் கிடைக்காமல் காய்ந்து கிடந்த காடு அது. மான் எழுந்தது, முயல் எழுந்தது, அழகேசன் தோகையை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினான். மணி அடித்திருக்கும், எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற பேச்செல்லாம் ஒருவர் நினைவிலும் இல்லை. குடுக்கைகளை உடைத்துப் போனை எடுத்தது படம் பிடிக்கத்தான். குட்டிகளையும் இடுக்கிக்கொண்டு, பந்து தண்ணீரில் விழுவதற்குள் போய்விட வேண்டும் என்று மொத்தக் காடும் ஓடைக்கு ஓடியது. சிறுத்தையும் மானும் தோளோடு தோள் உரசி ஓடின. எல்லோரும் ஓடையைத் தாண்டி நல்ல கோணம் பார்த்து நின்று போனைத் தூக்கியபோதுதான், தூக்கிய இருநூறு போன்களிலும் மணி அலறியது. படத்தின் பின்புறத்தில் ஏதோ சிவப்பாகத் தெரிகிறதே என்று திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் நின்றிருந்த இடமெல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

ஒருவருக்கும் ஒரு ரோமம்கூடக் கருகவில்லை.

அன்று மாலைவரை ஓடைக்கரையில் மணி ஓயவில்லை. 'நான் பத்திரமாக இருக்கிறேன்' என்று ஒவ்வொருவரும் எல்லோருக்கும் மணி அடித்துத் தெரிவித்தார்கள். எல்லோரும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். மாராத்தாள் முதல் மணிக்குச் சுருண்டாள். பத்தாவது மணிக்கும் சுருண்டாள். அதற்குப் பிறகு எண்ணவில்லை.

மறுநாள் காலை பாராட்டுக் கூட்டம். சென்னியப்பன் பேசினார்.

"நேத்து நாம உசுரோட தப்பிச்சது எதனாலங்க? எல்லாரும் ஒண்ணா ஓடுனதால. எதுக்கு ஓடுனோம்? சிரிக்க ஓடுனோம். நம்ம மாராத்தா அம்மிணி உருளறதப் பாத்துச் சிரிக்கற பழக்கம் மட்டும் நமக்கு இல்லீன்னா, இன்னைக்கு இந்தக் காட்டுல யாருங்க இருப்பாங்க?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அழகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தெய்வானை பெயரை யாரும் எடுக்கவில்லை. தடையை மீறிக் கத்தியதற்காக அவள்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். மாராத்தாளை மறுபடி குழுவில் சேர்த்தார்கள். 'அபாயப் பந்து' என்று ஒரு பதவியும் கொடுத்தார்கள். கடமை ஒன்றே ஒன்றுதான்: தினமும் காலை ஏழு மணிக்கு மணி அடிக்கும், அவள் உருள வேண்டும். ஒத்திகை. கேலி என்று இனிமேல் யாரும் அதைச் சொல்லக் கூடாது.

பொன்னாடை போர்த்தினார்கள். குட்டியப்பன் முன்னால் வந்து போனைத் தூக்கிப் பிடித்தான். அவன் கண்ணில் நிஜமான மரியாதை இருந்தது.

"அக்கா, ஒரே ஒரு படம். பொன்னாடையோட."

மணியை அமுக்கினான். குடுக்கை இல்லாத இருநூற்றுப் பன்னிரண்டு போன்கள் ஒன்றாக அலறின. அவளுடைய போனும் சேர்த்தி.

மாராத்தாள் நின்றாள்.

அவளே தன் உடம்புக்காகக் காத்திருந்தாள். முதுகு வளையும், தலை உள்ளே போகும் என்று பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. வாலில் பொடிசு ஓர் எறும்பைத் துரத்திக்கொண்டிருந்தது, அதுகூடத் தலை தூக்கவில்லை. மாராத்தாளுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு அதுவே பயமாக இருந்தது. தீக்குப் பயந்து அவளே கேட்டு வாங்கிய மணி அது.

"என்னங்க அம்மிணி?" என்றார் சென்னியப்பன்.

"பழகிருச்சுங்கண்ணா" என்றாள் மாராத்தாள்.

"சும்மா நடிச்சாவது காட்டுங்கக்கா" என்றான் குட்டியப்பன்.

பின்வரிசையில் இருந்த முயல், அன்றைக்குக் கேட்ட அதே முயல், மெதுவாகக் கேட்டது. "அப்ப இனி எங்களுக்கு எப்புடித் தெரியும்?"

மாராத்தாள் பொன்னாடையை மடித்துப் பாறைமேல் வைத்தாள். போனையும் அதன்மேல் வைத்தாள். ஓடையைத் தாண்டி, தெய்வானை இருக்கிற மணல் பக்கமாகக் குட்டியோடு நடந்து போனாள். அந்தப் பக்கம் சரிவே கிடையாது.

பணியில் உருளாதது ஏன் என்று ஏழு நாளுக்குள் விளக்கம் கேட்டு அவளுக்கு நோட்டீஸ் போயிற்று. மணி அடித்துத்தான் அனுப்பினார்கள். பாறைமேல் இருந்த போன் அலறி ஓய்ந்தது. காட்டில் சத்தம் தாங்காமல் எல்லோரும் புதுக் குடுக்கை தேடிக்கொண்டார்கள். குளிக்கப் போகும்போதும் மேயப் போகும்போதும் மேட்டுச் சரிவை ஒருதரம் பார்த்துக்கொள்கிறார்கள். பந்து உருளவில்லை. ஆகவே ஆபத்து எதுவும் இல்லை. அடுத்த பங்குனிக்கு இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது.

நீதி: மணி அடித்தால் பயப்படுகிற ஒருவரையாவது ஊரில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் பழகிவிட்டால், பிறகு நீங்களே சொந்தமாகப் பயப்பட வேண்டிவரும்.